அந்த இரண்டு பக்கங்களைத் திருப்பித் தாருங்கள்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் கைடு தயாரிக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

இந்த ஆண்டு நீங்கள் போட்டிருக்கும் புதிய பதிப்பில், ஐரோப்பியரின் கடல் பயணங்கள் பற்றிய பாடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு பக்கங்களைக் காணோம். போன வருடம் வரை இருந்தவை அவை. 'அங்கே இருந்தவர்கள்' என்று தலைப்பு. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் என்ன பயிரிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள், 1492க்குப் பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எளிமையாகச் சொன்ன பக்கங்கள். அந்த இடத்தில் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது: மாலுமி, நாடு, ஆண்டு, கண்டுபிடித்த இடம். தைனோ என்ற சொல்லே புத்தகத்தில் இல்லை.

ஜூன் மாதமே தொலைபேசியில் கேட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பிள்ளைங்களுக்குச் சுமையைக் குறைக்கிறோம் டீச்சர். அதுவும் இது நம்ம ஊர்க் கதை இல்லையே" என்றார். சரி, நான் வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் உங்கள் மாதிரி வினாத்தாள் வந்தது. ஒரு மதிப்பெண் வினா: 'அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்?' என் மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: 'அங்கே முதலில் போய்க் குடியேறியவர்கள். அவர்கள் பெயர் தெரியாது. கொலம்பஸ் 1492இல் வந்தார்.' தாளைத் திருத்தியது வேறு பள்ளி ஆசிரியர். உங்கள் விடைக்குறிப்பில் 'கொலம்பஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. அவர் அதன்படி சுழி போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நூற்றுக்கணக்கான தாள் திருத்துகிறவர் விடைக்குறிப்பைத்தான் பார்ப்பார். பையன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், நான் எழுதினது தப்பா?" என்றான். "தப்பில்லைடா. மார்க்தான் இல்லை" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. இந்தக் கடிதத்தை அன்று இரவு எழுத உட்கார்ந்தேன்.

22 வருடமாகச் சேலம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பாடப்புத்தகம் பையில் இருக்கும், கைடு கையில் இருக்கும். எங்கள் பிள்ளைகளின் நிலை அதுதான். தேர்வுக்கு முந்தைய இரவு அவர்கள் புரட்டுவது உங்கள் பக்கங்களை. அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

புதிய பதிப்பின் முதல் வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'உலகம் தட்டை என்று எல்லோரும் நம்பிய காலத்தில், உருண்டை என்று துணிந்து சொன்னவர் கொலம்பஸ்.' கேட்க நன்றாக இருக்கிறது, நடக்கத்தான் இல்லை. கொலம்பஸுக்கு 1,700 ஆண்டுகளுக்கு முன்பே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார். போர்ச்சுகல், ஸ்பெயின் அரசவைகளில் கொலம்பஸின் திட்டத்தை ஏற்க மறுத்த அறிஞர்கள் எல்லோருக்கும் உலகம் உருண்டை என்று தெரியும். அவர்கள் கேட்டது தூரத்தைப் பற்றி. மேற்கே போனால் ஜப்பான் பக்கம்தான் என்றார் கொலம்பஸ். உண்மைத் தூரம் அவர் போட்ட கணக்கைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு நாளுக்கு எந்தக் கப்பலும் அன்று தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆக, மறுத்தவர்களின் கணக்குதான் சரி. நடுவழியில் ஒரு கண்டம் குறுக்கிட்டதால் இவர் பிழைத்தார்.

பிள்ளைகள் கைதட்டி ரசிக்கும் பகுதி இதற்கு அடுத்தது, அதையும் நீக்கிவிட்டீர்கள். 1492 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஸ்பெயினின் பாலோஸ் துறையிலிருந்து மூன்று கப்பல்கள், ஏறக்குறைய 90 பேர். ஆசியாவில் பேசுவதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிப்போனார்கள். லூயிஸ் டி டோரஸ் என்று பெயர். எபிரேயம், அரமேயம், கொஞ்சம் அரபி தெரிந்தவர். நவம்பரில் கியூபாவில் இறங்கியபோது, சீனப் பேரரசன் உள்ளே எங்கோ இருக்கிறான் என்று நம்பி, இவரையும் இன்னொரு மாலுமியையும் கடிதத்தோடு அனுப்பினார் கொலம்பஸ். பேரரசன் இல்லை. ஒரு பெரிய ஊர் இருந்தது, வீடுகள் இருந்தன, வந்தவர்களை உட்காரவைத்து உபசரித்த மக்கள் இருந்தார்கள். வழியில் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகையை உள்ளிழுத்தபடி நடந்துபோனவர்களையும் பார்த்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். அரபி பேசும் ஒருவர் கியூபாக் காட்டில் சீன ராஜாவைத் தேடி அலைந்ததைச் சொன்னால் ஒன்பதாம் வகுப்புக்கு அரைமணி நேரம் சிரிப்பு அடங்காது. அந்தச் சிரிப்பிலேயே ஒரு விஷயம் ஏறிவிடும்: இவர் எதையோ தேடிப் போய், எங்கோ இறங்கி, அதை இன்னதென்று தெரியாமலே இருந்தவர். 1506இல் சாகும்வரை தான் எட்டியது ஆசியாவின் விளிம்பு என்றே பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதச் சொல்கிறீர்கள். ஐரோப்பியரிலேயே முதல் ஆள் என்று சொல்வதற்கும் வழியில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகள் குடியிருந்த தடம் 1960இலேயே கிடைத்தாயிற்று. அங்கே அவர்கள் வெட்டிய மரம் 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2021இல் உறுதியானது.

இனி உங்கள் இரண்டாவது வரி. 'ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களால் பழங்குடியினர் அழிந்தனர்.' பாடம் முழுவதிலும் அந்த மக்களைப் பற்றி இருப்பது இந்த ஒரே வாக்கியம்தான். எனக்குத் தாங்க முடியாதது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் பயணம் 1493இல். இந்த முறை 17 கப்பல்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், குதிரை, பன்றி, கரும்பு நாற்று எல்லாம் ஏற்றிக்கொண்டு குடியேறவே வந்தார்கள். போட்ட முதலுக்குத் தங்கம் அனுப்பியாக வேண்டும். எதிர்பார்த்த அளவு தங்கம் இல்லை. 1495இல் ஹிஸ்பானியோலாத் தீவில் (இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் தீவு) சுமார் 1,600 பேரைப் பிடித்து, அவர்களில் 550 பேரை ஸ்பெயினில் விற்கக் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ 200 பேர் வழியிலேயே இறந்தார்கள், உடல்களைக் கடலில் எறிந்தார்கள். இதை எழுதியவர் எதிராளி இல்லை. அதே கப்பலில் போன, கொலம்பஸின் நண்பரான மிக்கேலே டா குனேயோ தன் கடிதத்தில் எழுதி வைத்தது.

பிறகு வரி வந்தது. தங்கம் கிடைக்கும் பகுதியில், 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நிறையத் தங்கத்தூள் கொடுக்க வேண்டும். மணி என்றால், வேட்டைக்குப் பழக்கிய பருந்தின் காலில் கட்டுகிற சின்ன மணி. பண்டமாற்றுக்கென்று ஸ்பானியர் கொண்டுபோன சரக்கு அது. தைனோ மக்களுக்கு அதன் ஓசை மிகவும் பிடித்துப்போய்க் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். அதே மணி பிறகு வரி அளக்கும் படியாகிவிட்டது. தங்கம் இல்லாத பகுதிக்காரர்கள் ஆளுக்குச் சுமார் 11 கிலோ பருத்தி தர வேண்டும். கொடுத்தவருக்கு ஓர் உலோக வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிய வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது என்ன? 14.

மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பாடம் நடத்தியபோது, என் மகள் சின்ன வயதில் கட்டி ஆடிய சலங்கையிலிருந்து ஒரு மணியைக் கழற்றி எடுத்துப்போனேன். வாயை நெம்பி, உள்ளே இருந்த குண்டை எடுத்துவிட்டு, வீட்டுக் கடுகு டப்பாவையும் மேசைமேல் வைத்தேன். நிரப்புங்கள் என்றேன். ஒருத்தி போட, இன்னொருவன் எண்ணினான். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டான், மணி இன்னும் நிறையவில்லை. இதில் ஒவ்வொரு கடுகும் ஆற்றுமணலைச் சலித்து எடுத்த தங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுகூடக் கிடைக்காத நாள் எத்தனை இருக்கும் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், எல்லாரும் ஆத்துல நின்னா, கெழங்க யாரு நடுவாங்க?"

அவள் வீட்டில் குச்சிக்கிழங்கு போடுகிறார்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். கிழங்கு சேகோ ஃபேக்டரிக்குப் போகிறது, ஜவ்வரிசியாக வெளியே வருகிறது. தைனோ மக்களின் முக்கியச் சாப்பாடும் இதே மரவள்ளிதான். மண்ணைக் குவியல் குவியலாகக் கூட்டிக் குச்சி நடுவார்கள். கிழங்கைத் துருவி, ஓலையில் பின்னிய நீளப்பையில் போட்டு முறுக்கி நச்சுச்சாற்றைப் பிழிந்துவிட்டு, மாவை மண்கல்லில் ரொட்டியாகச் சுடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. கப்பல்காரர்களும் பிறகு அதைத்தான் சாப்பிட்டார்கள். இதெல்லாம் உங்கள் பழைய பதிப்பில் இருந்தது. அந்தப் பெண் கேட்டதுதான் தீவிலும் நடந்தது. வரிக்குப் பயந்து ஜனங்கள் மலைக்கு ஓடினார்கள், நடவு நின்றது, பஞ்சம் வந்தது. இந்த ஒரு கேள்வியைக் கேட்கவைக்க எனக்குத் தேவைப்பட்டது உங்களுடைய இரண்டு பக்கங்களும் ஒரு சலங்கை மணியும்தான்.

நோய்க்கு வருகிறேன். 1492க்கு முன் அந்தத் தீவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை. ஒரு லட்சம் என்பாரும் உண்டு, பல லட்சம் என்பாரும் உண்டு. அதை விடுங்கள். ஸ்பானியர்களே எடுத்த கணக்குக்கு வருவோம். 1508 வாக்கில் சுமார் 60,000 பேர். 1514இல், எந்த ஸ்பானியருக்கு வேலைக்கு எத்தனை ஆட்கள் என்று பிரித்துக்கொடுத்தபோது, சுமார் 26,000. பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்தது 1518 கடைசியில். அதற்கு முன்பும் காய்ச்சல்கள் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வாட்டப்பட்டு, பட்டினி கிடந்து, குடும்பம் சிதறிய ஜனத்தைத்தான் பெரியம்மை வந்து அடித்தது. 'நோயால் அழிந்தனர்' என்று மட்டும் எழுதினால் அது ஏதோ மழை பெய்த மாதிரி, யாருக்கும் பொறுப்பில்லாத சமாசாரம் ஆகிவிடுகிறது.

அந்தக் காலத்து அளவுகோல் வேறு, இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்வீர்கள். அந்தக் காலத்து ஆளையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1511 டிசம்பர் 21, சாண்டோ டொமிங்கோ தேவாலயம். அந்தோனியோ டி மொந்தேசினோஸ் என்ற துறவி, தீவின் பெரிய மனிதர்கள் எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, பிரசங்க மேடையிலிருந்து அவர்களைப் பார்த்து "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்டார். அவரை அடக்கச் சொல்லி அரசர் வரை புகார் போனது. ஆக, அன்றும் தெரிந்துதான் செய்தார்கள். இந்தப் பிரசங்கம் நமக்குக் கிடைத்தது பர்த்தலோமே டி லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதி வைத்ததால். அவர் ஒரு காலத்தில் தானே தைனோ அடிமைகளை வைத்திருந்தவர். மனம் மாறிய பிறகும் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்லி, பின்னாளில் அதற்காக வருந்தியவர்.

உங்கள் பழைய பக்கங்களும் குறையில்லாதவை அல்ல. தைனோ மக்களை வெறும் சாதுக்களாகக் காட்டின. அவர்களுக்குள்ளும் தலைவர், மேல்குடி, ஏவல்குடி என்று அடுக்கு இருந்தது. முதல் பயணத்தில் சாண்டா மரியா கப்பல் தரைதட்டியபோது குவாக்கனகாரி என்ற தலைவர் ஆட்களை அனுப்பிச் சரக்குகளைக் காப்பாற்றிக்கொடுத்தார். உடைந்த கப்பலின் மரத்தில் கோட்டை கட்டி 39 பேரை விட்டுப்போனார் கொலம்பஸ். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கோட்டை சாம்பல், ஒருவரும் உயிரோடில்லை. தங்கத்துக்காகவும் பெண்களுக்காகவும் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு மற்றொரு தலைவரின் பதில் அது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்படியே 'சில நூறு வீரர்களுடன் கோர்டெஸ் அஸ்டெக் பேரரசை வென்றார்' என்ற வரியையும் பாருங்கள். 1521இல் மெக்சிகோவிலிருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்தபோது அந்த ஸ்பானியத் தளபதியோடு நின்றவர்கள் பல்லாயிரம் த்லாஸ்கலா வீரர்கள், அஸ்டெக்குகளின் பழைய பகையாளிகள். அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

கடைசியாக, 'நம்ம ஊர்க் கதை இல்லையே' என்றாரே, அதற்கு. அந்த மக்களுக்கு 'இந்தியர்' என்ற பெயர் எதனால் ஒட்டியது? "கிரிக்கெட்டில் ஏன் டீச்சர் வெஸ்ட் இண்டீஸ்?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கிறது. 1500இல் பிரேசில் கரையில் இறங்கிய போர்ச்சுகீசிய மாலுமி கப்ராலின் கப்பல்கள் எங்கே போய்க்கொண்டிருந்தவை? கோழிக்கோட்டுக்கு. அதே ஆண்டுக் கடைசியில் அதே கப்பல்கள் கோழிக்கோட்டைப் பீரங்கியால் சுட்டன. உங்கள் அட்டவணையில் கப்ரால், போர்ச்சுகல், 1500, பிரேசில் என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன, கோழிக்கோட்டுக்கு ஒரு கட்டம் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு தைனோக்கள் போதாமல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்த அதே கரீபியனுக்கு, அடிமைமுறை ஒழிந்த பிறகு ஆள் தேடி எங்கே வந்தார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் 1853இல் மார்டினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் நம் கரையிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினார்கள். அங்கே இன்றும் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. கொய்யா, பப்பாளி, அன்னாசி, மிளகாய் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று நான் சொல்லத் தொடங்கினால் இந்தக் கடிதம் முடியாது.

இனி நான் கேட்பவை.

முதலாவது, அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள். வினாவையே 'கொலம்பஸ் கரீபியன் தீவுகளை அடைந்த ஆண்டு எது?' என்று மாற்றினால் எந்தச் சிக்கலும் இல்லை. மாற்றும்வரை, 'அங்கே முன்பே வாழ்ந்தவர்கள்' என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் தரும்படி வினாத்தாள் வாங்கிய பள்ளிகள் எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 'கண்டுபிடித்த இடம்' என்பதை 'சென்றடைந்த இடம்' என்று மாற்றி, 'அங்கே வாழ்ந்தவர்கள்' என்று இன்னொரு கட்டம் சேருங்கள். தைனோ, அஸ்டெக், இன்கா, டுப்பி என்று நாலு பெயர் எழுத எவ்வளவு மை செலவாகும்?

தட்டை உலகக் கதையை அடியோடு எடுத்துவிடுங்கள். நோய் பற்றிய வரியில் கட்டாய உழைப்பையும் பஞ்சத்தையும் ஆள் விற்பனையையும் சேருங்கள். நீக்கிய இரண்டு பக்கங்களை அடுத்த அச்சிலேயே திரும்பச் சேருங்கள். இரண்டு பக்கம் முடியாது, ஒன்றுக்குத்தான் இடம் என்றால், மரவள்ளியும் மணியும் இருக்கும் பக்கத்தை வையுங்கள். இனி எதையாவது சுமை என்று வெட்டும்போது, வெட்டுவதற்கு முன் வகுப்பில் நிற்கும் நாலு ஆசிரியர்களையாவது கேளுங்கள்.

அடுத்த அச்சு வரை காத்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன்பாக ஒரு திருத்தத் தாள் அச்சடித்து அனுப்புங்கள், ஒரு பக்கம் போதும். பசை எங்களிடம் இருக்கிறது. பிள்ளைகளே அட்டவணைமேல் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை,
சேலம் மாவட்டம்